மாமாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கை

படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்கும் தொழிலுக்கு வந்தவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும்: அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. இடையில் மேகம் நகர்ந்திருக்கும், யாரோ கண்ணை மூடியிருப்பார்கள், ஒரு ஆள் போயே போயிருப்பார்.

கீழே எழுதப்போகிறவற்றில் ஒன்றை மட்டும் நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். அது நான் பார்த்ததல்ல, முரளி சொன்னது. முரளி கல்யாணம், கோயில் விசேஷங்களுக்குப் படம் எடுப்பவன். என்னைவிட வயதில் நிறைய இளையவன். அவன் எடுத்து அனுப்புவான், நான் ஒட்டுவேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி வாங்க வேண்டுமென்று நினைத்ததுண்டு. வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவதால் வாங்கவில்லை.

தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கேமராவை முக்காலியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வரிசையாகப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படத்தின் ஓரமும் அடுத்த படத்திலும் கொஞ்சம் இருக்கும். நான் அவற்றைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே இருப்பதைத் தூரிகையால் அழித்து, கீழே இருப்பதை வெளியே கொண்டுவருவேன். அந்த ஓரத்தில் நிற்பவர்கள் எல்லாருமே இரண்டு தடவை இருப்பார்கள். யாரை எந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வதுதான் வேலை. இதையெல்லாம் போனே செய்யுமே என்பீர்கள். செய்யும். ஆனால் பெரிய கூட்டத்தைக் காட்டினால் சித்திக்கு மூன்று கை வைத்துவிடும். அப்போதுதான் என்னிடம் வருவார்கள். என்னைப்போல் திரையைப் பெரிதாக்கி முன்பின் தெரியாதவர் காதோரத்தை மதியம் முழுக்கச் சுத்தம் செய்கிறவர்கள் எங்காவது இருந்தால், உங்கள் கழுத்து வலியில் எனக்கும் பங்குண்டு.

இரண்டு இடத்தில் பெரியப்பா

ஒரு கல்யாணக் கூட்டுப்படம். மண்டப வாசலில் மூன்று வரிசை. ஒட்டி முடித்து, தலைகளைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். இடதுகோடியில் பச்சைச் சட்டைப் பெரியவர் ஒருவர் கைகட்டி நிற்கிறார். வலதுகோடியிலும் அவரே நிற்கிறார், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. கேமரா நகர்வதற்குள் பின்வரிசைக்குப் பின்னால் ஓடி அடுத்த கோடிக்குப் போயிருக்கிறார். வேட்டி ஒரு பக்கம் தூக்கிக் கட்டியிருந்தது அதற்குச் சாட்சி.

பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்தேன். அது பெண்ணின் பெரியப்பாவாம். எந்தப் பெரியப்பாவை எடுக்கட்டும் என்று கேட்டேன். பெண் வீட்டாரோடு நிற்கவில்லை, மாப்பிள்ளை வீட்டாரோடு நிற்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவர் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார் என்று அப்புறம்தான் விளங்கியது. எதிர்முனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ரெண்டையும் விட்டுடுங்க பாஸ். பந்தியிலயும் அவரு ரெண்டு தடவ உக்காந்தாரு லா."

யாருமில்லாத வீடு

வீடு விற்கும் ஏஜெண்டுகளும் நம் வாடிக்கையாளர்கள்தான். சுபாங் ஜெயாவில் ஒரு மாடிவீடு, முன்கூடம் காலி. சோபாகூட இல்லை. நான்கு சுவரையும் ஒட்டி ஒரே படமாக்க வேண்டும். சுவர் நேராக இருந்தால் தரை வளையும், தரையை நேராக்கினால் ஜன்னல் சாயும். ஒருவழியாக எல்லாம் நின்ற பிறகு பார்த்தால், எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் முக்காலியும் பின்னால் முரளியும் தெரிந்தார்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே மனிதன் அவன்தான். அவனை அழிக்கத்தான் அன்றைக்கு அதிக நேரம் பிடித்தது. அழித்து முடித்த பிறகு அந்தக் கண்ணாடி எதையும் காட்டாத கண்ணாடியாகிவிட்டது. என் அறையில் எழுந்து நடந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஏஜெண்ட் பெண்மணிக்குக் கண்ணாடியைப் பற்றிக் கவலை இல்லை. கூடம் சின்னதாகத் தெரிகிறதாம். உள்ளது அவ்வளவுதானே அம்மா என்றேன். "இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுங்க அங்கிள். ஆளுங்க படத்த பாத்துதான் வராங்க. வீட்ட பாத்தா யாரு வருவா?"

ஒரு கட்டில் போதும்

தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒரு பையன், புதுக்கோட்டைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் சாமான் வாங்க வந்தவன் கீழே போர்டைப் பார்த்து ஏறி வந்தான். தங்கும் அறையைப் போனில் துண்டு துண்டாக எடுத்து வைத்திருந்தான். ஒட்டித் தர வேண்டும், ஊருக்கு அனுப்ப. இரண்டடுக்குக் கட்டில்கள் சுவரோரமாக வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கம்பியிலும் துண்டு, சட்டை, ஒரு சாமி படம்.

ஒட்டுவது சுலபம். அவன் கேட்டது வேறு: அவனுடைய கட்டிலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். சுவரை நீட்டி, ஜன்னலை நகர்த்தி, தரையை நகலெடுத்துப் பரப்பினேன். அறை பெரிதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவ்வளவு பெரிய அறையில் ஒரே ஒரு கட்டில் மூலையில் கிடந்தது. எனக்கு அது பார்க்கச் சங்கடமாக இருந்தது. என் வீட்டுக் கூடம் மாதிரி இருந்தது என்பதுதான் காரணமோ என்னவோ. "தம்பி, ஒரு ரெண்டு கட்டிலாவது விடட்டுமா? கூட்டாளிங்க இருக்காங்கன்னு அம்மாவுக்குத் தெரியட்டுமே" என்றேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேணாம்ணே. எங்கம்மா கட்டில எண்ணிப் பாத்துட்டு அழுவும்."

எல்லாருக்கும் முகம் வைத்த கதை

இனி அந்தச் சம்பவம். அதற்கு முன்னால் என் தம்பியைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் அக்கா, நடுவில் நான், கடைசி சிவா. சிவா டிரெய்லர் லோரி ஓட்டினான். அம்மா இறந்த அன்று அவன் வடக்கே எல்லைப் பக்கம் சரக்கோடு இருந்தான். எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன். அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மா சிவாவுக்கு உரியவள். அவன் வந்துகொண்டிருந்தான். ஆனால் தகன இடத்தில் நேரம் குறித்தாகிவிட்டது, மழை வேறு, பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "நீயும் மகன்தானே" என்று ஒருவர் சொன்னார். என் தலையை மழித்தார்கள்.

சாயங்காலம் சிவா வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரையில் செருப்போடு நின்று என் தலையைப் பார்த்தான். அக்கா காப்பி கொண்டுவருவதற்குள் போய்விட்டான். அதன்பின் லோரிக் கம்பெனியை மாற்றிக்கொண்டு ஜொகூர் பக்கம் போனதாகக் கேள்வி. போன் நம்பரும் மாறிவிட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாமா, அந்தப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளாத வாரமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

பிறகு அக்கா மகளின் கல்யாணம், கிள்ளானில். பத்திரிகை எப்படியோ கைமாறி ஜொகூர் வரை போனது என்று அக்கா நம்பினாள். சாப்பாட்டுக்கு முன்னால் மண்டபப் படிக்கட்டில் எல்லாரையும் நிறுத்தினார்கள். மழைக்கு முந்திய இருட்டு, நிழலே விழவில்லை. நான் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தேன், பின்னால் யார் நின்றார்கள் என்று தெரியாது. முரளி ஏழு படம் எடுத்தான்.

என் அறையில் அவற்றை ஒட்டும்போது வலதுகோடியில் சிக்கியது. கடைசிக்கு முந்தைய படத்தின் ஓரத்தில் பின்வரிசைக்கும் பின்னால் ஒரு பாதி ஆள்: கைப்பிடிக் கம்பியைப் பற்றிய ஒரு கை, முழங்கை, நீலச் சட்டையின் தோள், அதோடு படம் முடிந்துவிட்டது. முகம் அடுத்த படத்தில் இருந்திருக்க வேண்டும். கடைசிப் படத்தில் அதே இடத்தில் வெறும் கம்பிதான் இருந்தது.

கையைப் பெரிதாக்கினேன். மணிக்கட்டில் கடிகார வார் மட்டும் தெரிந்தது. கடிகார முகம் உள்பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மணி பார்க்கச் சிவா அப்படித்தான் கட்டுவான். ஆனால் லோரி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். மண்டபத்துக்குச் சாமான் இறக்க வந்த டிரைவராகவும் இருக்கலாம்.

இந்தத் தொழிலில் பாதி ஆளை விடக் கூடாது. கடைசிப் படத்தை மேலே கொண்டுவந்தால் வெறும் கம்பி தெரியும், விஷயம் முடிந்தது. தூரிகையை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் கையை மணிக்கட்டு வரை விட்டு, மீதியை முன்னால் நின்ற உயரமான மாமா ஒருவரின் தோளுக்குப் பின்னால் மறைவதுபோல் ஒட்டிவிட்டேன். யாரோ அவருக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும்.

படம் சட்டம் போட்டு அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. மாட்டிய அன்றே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். "டேய் பாலா, எல்லாருக்கும் மூஞ்சி வெச்ச. இவனுக்கு மட்டும் ஏன்டா கைய மட்டும் வெச்சிருக்க?"

முரளி சொன்னது

அது யாருடைய கை என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் முரளி.

அந்தப் படம் முடிவதற்கு முன் ஒருநாள் அவன் வேறு வேலையாக என் அறைக்கு வந்தான். திரை முழுக்க அந்தக் கை. நான் மறைக்கக்கூட இல்லை. முரளி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தான்.

"அது உங்க தம்பிண்ணே."

"உனக்கெப்படித் தெரியும்? நீ அவனப் பாத்ததே இல்லையே."

"மேசையில படம் வெச்சிருக்கீங்களே. அதே மூஞ்சிதான், முடி கொஞ்சம் நரைச்சிருக்கு. நான் கேமராவுக்குப் பின்னாலதானே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? படிக்கட்டுல கம்பியப் புடிச்சிட்டு நின்னாரு. முடிச்சுட்டு நிமிர்ந்து பாத்தா ஆளக் காணோம்."

"எங்க போனான்?"

முரளி கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனைதான் என்னைப் பல வருடங்களாகத் தூங்கவிடாதது. பார்த்ததை நினைவுபடுத்தினானா, இல்லை எனக்கு ஏற்ற மாதிரி ஒன்றைத் தேடினானா? அவன் இளகிய மனசுக்காரன். மூக்கைச் சுளிக்கிற மணப்பெண்ணிடமும் "இன்னிக்கு லைட்டே உங்களுக்காகத்தான் வந்திருக்கு" என்பான். பொய் என்று அதைச் சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அவன் என் தோளைத் தட்டிச் சொன்னான்: "லோரிய ரோட்டுல போட்டுட்டு வந்திருப்பாரு, எடுக்கச் சொல்லிக் கத்தியிருப்பாங்க. வந்தாருல்ல, அது போதும்ணே."

போதவில்லை. வந்தவன் முன்வரிசையில் என்னைப் பார்த்துவிட்டுப் போனானா? கேமரா தன் பக்கம் வருகிறது என்று தெரிந்து, என்னோடு ஒரே படத்தில் இருக்கப் பிடிக்காமல் விலகினானா? படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கடைசிக்கு முந்தைய படத்தில் நிற்கிறான், கடைசிப் படத்தில் இல்லை. படங்களை நான் ஆயிரம் பேருக்கு ஒட்டியிருக்கிறேன், வரிசையைப் படிக்க எனக்குத் தெரியாதா? ஹாலுக்குள் நுழையும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். அக்காவுக்கு இது விளங்கவில்லை. "உன் கைவேலைய நீயே பாக்க மாட்டேங்கிற, அவ்ளோ கர்வமா?"

பின்னோக்கி நடந்த நாய்

போன மாதம், கிள்ளானில் ஒரு கோயில் விசேஷத்துக்கு வந்த கூட்டத்தை முரளி எடுத்து அனுப்பினான். நல்ல வெயில். வழக்கம்போல் படங்களின் பெயரெல்லாம் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்திருந்தான். முன்பொரு தடவை வரிசை மாறி மணமகனை மாமனாருக்கு அப்பால் தள்ளிவிட்டேன். அதிலிருந்து அப்படிப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது நான்தான்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு கோயில் நாய் நடந்துபோயிருந்தது. இரண்டு படத்திலும் ஓரத்தில் விழுந்திருந்ததால் எதை அழிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலை இடப்பக்கம் பார்த்திருந்தது. ஆனால் அடுத்த படத்தில் நாய் வலப்பக்கம் தள்ளியிருந்தது. வாலை முன்னால் விட்டு நடக்கிற நாய்! சிரித்துக்கொண்டே முரளிக்குப் போன் போட்டேன். அறையில் நான் சத்தமாகச் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று அந்தச் சிரிப்பு முடிந்தபோதுதான் தோன்றியது.

"முரளி, கிள்ளான் நாயெல்லாம் பின்னாலதான் நடக்குமா?"

அவன் கோணலாகப் புரிந்துகொள்ளவில்லை, உடனே பிடித்துக்கொண்டான். "நாய் ஒழுங்காதான்ணே நடக்குது. நான் வலது பக்கத்துலருந்து எடுத்தேன். வெயில் அந்தப் பக்கத்து ஆளுங்க மூஞ்சியில அடிச்சது, கண்ணு கூசறதுக்குள்ள அவங்கள முதல்ல முடிச்சிட்டேன். பேரு மட்டும்தான் உங்களுக்காக இடதுலருந்து."

"எப்பவுமே அப்படியா?"

"எப்பவுமே இல்ல. சில நேரம் இப்படி, சில நேரம் அப்படி. அந்தந்த நேரத்துக்கு எது தோதோ அது. நீங்க இத்தன வருஷமா ஒட்டுறீங்க, இதக்கூடத் தெரியாதாண்ணே?"

கேட்க வேண்டியிருந்தது

போனைக் காதில் வைத்தபடியே அக்கா மகள் கல்யாணத்தின் பழைய கோப்பைத் திறந்தேன். ஆறாவது, ஏழாவது. முரளி நிறம் திருத்திப் புதிதாகச் சேமித்து அனுப்புவதால் எடுத்த நேரம் எதிலும் இருக்காது. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்கு எப்போதோ அழித்திருப்பான். அன்று வெயிலும் இல்லை, நிழலைப் பார்த்துச் சொல்ல. நாயும் நடக்கவில்லை. ஒரு கையும் ஒரு வெறும் கம்பியும்தான் இருந்தன.

அவன் இடப்பக்கம் ஆரம்பித்திருந்தால், நான் இத்தனை நாள் நினைத்ததுதான் சரி: சிவா நின்றுகொண்டிருந்தான், கேமரா திரும்பியபோது விலகிப்போனான். வலப்பக்கம் ஆரம்பித்திருந்தால் கம்பி முதலில் வெறுமையாக இருந்தது. அப்புறம்தான் அவன் வந்தான். நாங்கள் எல்லாரும் வரிசையாக நிற்பதைப் பார்த்து, லோரியை எங்கேயோ விட்டுவிட்டு, படியேறி வந்து, படத்தில் இருப்பதற்காகக் கம்பியைப் பிடித்து நின்றான். படம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடியபோது முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனான்.

அந்த ஒருவன் நான்.

எதிர்முனையில் முரளி, "அண்ணே? லைன்ல இருக்கீங்களா?" என்றான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஒரு ஆள் போகிறானா வருகிறானா என்று தெரியாமலே இத்தனை வருடம் ஆட்களை ஒட்டிப் பிழைத்தவனுக்கு, கேட்பதற்கு மிஞ்சியது ஒன்றுதான்.

"அக்கா மக கல்யாணத்தன்னிக்கு நீ எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிச்ச, முரளி?"